கால் திருகு

கச்சான் காற்று அறுத்த வயலைத் தாண்டி வந்து
நிந்தவூரை அடுப்பில் வைத்திருந்த ஓகஸ்டில்
என் மகள் வானுக்குள் மட்டும்தான்
நித்திரை கொள்வாள்.
வயது மூன்றரை மாதம். கழுத்தெல்லாம் வேர்க்குரு.

ஹயர் கிடைக்காத பகல்களில்
வாசல் வேம்பின் கீழே நிறுத்தி
எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு
நானும் அவளும்
எங்கேயும் போகாமல் இருப்போம்.

ஊசி எழுநூற்றைம்பதில் நிற்கும்.
யாரும் மிதிக்காத எஞ்சின்
தன்னைத் தாங்கிக்கொள்ள மட்டும் எரிவது,
லீசிங் கட்டிய மறுநாள் எங்கள் வீடு மாதிரி.

பிறகு, டக்.
முன்னால் எங்கோ கிளச் கவ்வும்.
கம்ப்ரசர் பெல்ட்டில் ஏறிக் குந்தும்.
ஊசி ஐந்நூறுக்கு விழும்.
ஸ்டியரிங் நடுங்கும், கதவு நடுங்கும்,
கண்ணாடியில் தொங்கும் தஸ்பீஹ் மணிகள்
ஒன்றோடொன்று கிசுகிசுக்கும்.
நூரப் போகிறது, இதோ நூரப் போகிறது என்று
நான் மூச்சைப் பிடிப்பேன்.
நூராது.
குளிர் போதுமென்று கம்ப்ரசர் கைவிடும்,
ஊசி துள்ளி மேலே போகும்,
அரை நிமிடம் ஆறுதல்.
மறுபடி
டக்.

மகள் வாயைத் திறந்தபடி கிடப்பாள்.

குசினி ஜன்னலால் ஜெஸீறா சொல்வாள்:
"ஒங்கட மகள்ற ஒரு நித்திரை முக்கால் லீற்றர்."
கலண்டரில் எழுதியும் வைப்பாள்,
பால்மாக் கணக்குக்குப் பக்கத்தில்.

ஒருநாள் மாப்பிள்ளை வீட்டாரோடு போகையில்
காரைதீவுச் சந்தியில் நூர்ந்தே விட்டது.
பின்னால் கல்முனை பஸ்காரன்
ஹோனில் படுத்துவிட்டான்.
மாப்பிள்ளையின் மாமா இறங்கித் தள்ளினார்,
புதுச் சேட்டோடு.

அக்கரைப்பற்றில் செல்வின் ரகெலின் கராஜ்.
பொனெட்டைத் திறக்கவில்லை முதலில்.
ஏசியைப் போடு, நிப்பாட்டு, போடு என்றான்.
தலையைச் சரித்து நின்று கேட்டான்.
"குளிர் சும்மா வருமா மச்சான்?
பாரம் ஏறுறது பிழையில்ல.
ஏறுற நேரம் கொஞ்சம் கூட மூச்சுக் குடுக்க
இதுக்குள்ள ஒரு வால்வ் கிடக்கு.
அது கரியில அடைச்சுப் போச்சு."
பழைய பல் பிரஷ் ஒன்றால் தேய்த்தான்.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
கடைசியில் ஒரு திருகை, கால் சுற்று.

டக்.
ஊசி விழவில்லை.
தொள்ளாயிரத்துக்கு எழும்பி
வந்தவருக்குக் கதிரை இழுத்துப் போட்டது.
நாலாயிரம் ரூபாய். சந்தோசமாகக் கொடுத்தேன்.

அன்று பகல் வேம்பின் கீழே
டக் கேட்டதும் மகள் கண்ணைத் திறந்தாள்.
அடுத்து வரவேண்டியது வரவில்லை.
கூரையைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள், நான் எடுத்து ஒளித்தது போல.
வீரிட்டாள்.

மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும்.
சீற்றைக் கையால் ஆட்டிப் பார்த்தேன்.
டக் வந்து எத்தனை கணம் கழித்து,
எவ்வளவு, எதுவரை?
கணக்குத் தவறிற்று.
கள்ள நடுக்கம் அவளுக்குத் தெரிகிறது.

"இருவது வருசமா
நடுக்கத்த எடுக்கச் சொல்லித்தான் ஆக்கள் வந்திருக்காங்க"
என்றான் ரகெல். சிரிக்கவில்லை.
கையைத் துடைத்தான்.
"சந்தியில நூந்தா என்னக் கேக்காத."
காசும் வாங்கவில்லை.

திரும்பி வரும் வழியில்
தாரில் பாதியை நெல் காயப்போட்டுப் பிடித்திருந்தார்கள்.
மெல்ல மெல்ல உருட்டினேன்.
ஒவ்வொரு டக்குக்கும் வான் உதற
அதைப் பிழையென்று நினைக்க வரவில்லை.

வேம்பின் கீழே மகள் உறங்கிவிட்டாள்.
ஜெஸீறா கலண்டர்ப் பேனையோடு வந்தாள்,
கதவில் கை வைத்தாள்,
அந்த நடுக்கம் முழங்கைவரை ஏறும்வரை நின்றாள்.
பிறகு பின்சீற்றில் ஏறிச் சாய்ந்து
"கொஞ்சம் கூட்டி விடுங்க" என்றாள்.
கொஞ்ச நேரத்தில் இரண்டு மூச்சுகள் கேட்டன.

பெற்றோல் விளக்கு மஞ்சளாய் எரியத் தொடங்கியது.
தொப்பியைக் கழற்றி அதன்மேல் வைத்தேன்.